துண்டு துண்டாக வந்த தொலைக்காட்சி

தொலைக்காட்சிக் கோபுரத்துக்குத் தன்னை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நூறு வீட்டில் பெட்டி ஓடினாலும் பத்து லட்சம் வீட்டில் ஓடினாலும் அது அனுப்பும் அலை ஒன்றுதான்; ஆகும் செலவும் ஒன்றுதான். இணையத்தின் வழக்கம் வேறு. அங்கே கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி போயாக வேண்டும். பத்தாயிரம் பேர் ஒரே தொடரைக் கேட்டால் பத்தாயிரம் முறை அனுப்ப வேண்டும். பார்ப்பவர் கூட்டம் பெருகினால் டிவி நிலையத்துக்கு வரவு. இணையத்தில் காட்டுபவருக்கோ செலவும் கூடவே ஏறும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஒரு நாடே இரவு உட்கார்ந்து பார்க்கும் தொடர்களை இணையம் சுமக்கும் என்று நம்புவது கடினம். ஆனாலும் 2006-க்கும் 2010-க்கும் இடையில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது நடந்துவிட்டது. அந்த நான்கைந்து ஆண்டுகளில் பொறியாளர்கள் எடுத்த ஒரு முடிவுதான் இன்று நம் கைபேசியில் ஓடும் ஒவ்வொரு தொடருக்கும் அடியில் இருக்கிறது.

முதல் தடை அளவு. 640-க்கு 480 என்ற சாதாரணப் படத்தில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட். நொடிக்கு 30 படங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 22 கோடி பிட். 1990களின் கடைசியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மோடம் அதிகபட்சமாக நொடிக்கு 56,000 பிட் இழுக்கும். தேவை, இருப்பைப் போல நாலாயிரம் மடங்கு.

இந்த இடைவெளியைக் குறைத்தவை வீடியோவைச் சுருக்கும் கோடெக்குகள். செய்தி வாசிப்பவரை எண்ணிப் பாருங்கள். உதடும் இமையும்தான் அசைகின்றன. பின்னால் இருக்கும் சுவர், மேசை, சட்டை எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆகவே சில நொடிகளுக்கு ஒருமுறை முழுப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, நடுவில் மாறியதை மட்டும் சொன்னால் போதும். நகர்ந்த பொருளைக்கூட மறுபடி வரைய வேண்டியதில்லை. படத்தை 16-க்கு 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டிக்கொண்டு, 'இந்தச் சதுரம் மூன்று புள்ளி வலப்பக்கம் போயிற்று' என்று குறிப்பு அனுப்பினால் மீதியைப் பார்ப்பவரின் கணினி பார்த்துக்கொள்ளும். 2003-இல் வெளியான எச்.264 என்ற தரநிலை இந்த உத்தியை மிகத் திறமையாகச் செய்தது.

ஆரம்பகால இணைய வீடியோ பார்த்தவர்களுக்கு அந்தச் சதுரங்கள் நன்றாகவே பரிச்சயம். கலர் பேப்பர் தூவும் விழா, கொட்டும் மழை, நுரைத்து வரும் அலை ஆகியவற்றில் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் மாறுகிறது. பழைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. கொடுத்த பிட்டுக்குள் அடக்க வேறு வழியின்றிப் படம் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த முழுப் படம் வந்ததும் சட்டென்று தெளியும். அந்த முழுப் படத்துக்குக் கீ பிரேம் என்று பெயர். பின்னால் அதற்கு இன்னொரு பெரிய வேலை காத்திருக்கிறது.

சுருக்கியதை அனுப்புவது எப்படி? சியாட்டில் நகரில் ராப் கிளேசர் நடத்திய புரோகிரஸிவ் நெட்வொர்க்ஸ் 1995-இல் ரியல் ஆடியோவைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சியாட்டில் மரைனர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகள் மோதிய பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனை இணையத்தில் நேரடியாக ஒலித்தது. 1997-இல் ரியல் வீடியோ வந்தது. திரையின் ஒரு மூலையில் சிறு பெட்டிக்குள் படம் அசைந்தது. டிவி, வானொலி பழக்கத்திலேயே யோசித்த காலம் அது. அனுப்பும் சர்வர், பார்ப்பவரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் எந்த நொடியில் இருக்கிறார் என்று கடைசிவரை கவனித்தபடி, அளந்து அளந்து ஊற்றியது. இதற்கென்றே தனி சர்வர், தனி மென்பொருள், தனி நெறிமுறை எல்லாம் வேண்டியிருந்தன. ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் பேரையும் ஒருவர் விடாமல் நினைவில் வைத்தாக வேண்டும். அலுவலகங்களின் தடுப்பு மென்பொருள்களோ, பழக்கமில்லாத வழியில் வரும் இந்தப் போக்குவரத்தை வாசலிலேயே மறித்தன.

2005-இல் வந்த யூடியூப் இந்த ஏற்பாடு எதையும் செய்யவில்லை. ஒரு புகைப்படத்தை இறக்குவது போல வீடியோ கோப்பையும் சாதாரண வலை சர்வரிலிருந்தே இறக்கியது, இறங்கும்போதே ஓட்டியது. ஓட்டுவதற்குத் தேவையான ஃபிளாஷ் பிளேயர் ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு பட்டை. பார்த்து முடித்தவரை ஒரு நிறம், அதற்கு முன்னால் ஓடும் வெளிறிய பகுதி இறங்கி முடிந்ததைக் காட்டும். அந்த வெளிறிய பகுதிதான் பஃபர். கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் ஒரே சீராக விழுமல்லவா, அதே வேலை. தொட்டி வற்றினால் படம் உறைந்து வட்டம் சுற்றும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். 22 நிமிட எபிசோடு, நொடிக்கு 700 கிலோபிட் கேட்கிறது; உங்கள் இணைப்பு 500 கிலோபிட்தான் தருகிறது என்று வையுங்கள். முழுக் கோப்பும் இறங்க 31 நிமிடம் ஆகும். ஆகவே இடையில் நிற்காமல் பார்க்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஒன்பது நிமிடம் பொறுக்க வேண்டும். பாஸ் பட்டனை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனவர்கள் எல்லாம் மனக்கணக்காக இதைத்தான் செய்தார்கள்.

டிவி நிறுவனங்கள் இதற்குள் விழித்துக்கொண்டன. 2005 டிசம்பரில் என்பிசியின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வந்த ஒரு நகைச்சுவைப் பாட்டு யூடியூபில் காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டு மாதத்தில் என்பிசி கேட்டு அதை நீக்கவைத்தது. தடுத்தால் மட்டும் போதாது, தாங்களே காட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. 2006 மே, ஜூன் மாதங்களில் ஏபிசி நிறுவனம் 'லாஸ்ட்', 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' உள்ளிட்ட நான்கு தொடர்களைத் தன் தளத்தில் இலவசமாகக் காட்டிப் பார்த்தது. ஒளிபரப்பான மறுநாளே எபிசோடு வந்துவிடும், நடுவில் வரும் விளம்பரத்தைத் தாண்ட முடியாது. டிவிடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் 2007 ஜனவரியில் சுமார் ஆயிரம் தலைப்புகளோடு இணையத்தில் காட்டத் தொடங்கியது. 2008 மார்ச்சில் ஹூலு எல்லா அமெரிக்கர்களுக்கும் திறந்தது. சந்தையில் அடித்துக்கொள்ளும் என்பிசியும் ஃபாக்ஸும் சேர்ந்து நடத்திய தளம் அது. எந்தத் தொடர் எந்தச் சேனல் என்று பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டியதில்லை. பெயரைத் தேடினால் போதும். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த வசதியை அந்தக் காலத்தின் பெரிய கொடை என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனில் பிபிசி வேறு வழியில் தொடங்கியது. 2007 ஜூலையில் வந்த ஐபிளேயர், நிகழ்ச்சியை விண்டோஸ் கணினியில் இறக்கி வைத்துப் பார்க்கும் மென்பொருள். பிரதி அனுப்பும் செலவைக் குறைக்க, ஏற்கெனவே இறக்கியவர்களின் கணினியிலிருந்தே அடுத்தவருக்குத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தது. கணக்குப்படி சிக்கனம்தான். ஆனால் பார்த்து முடித்து மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடி வீட்டு இணைப்பைத் தின்றது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, எதையும் நிறுவாமல் வலைப் பக்கத்திலேயே பார்க்கும் ஐபிளேயர் அறிமுகமானது. மக்கள் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். ஒளிபரப்பான ஏழு நாள்வரை நிகழ்ச்சி இருந்தது, சொடுக்கினால் ஓடியது. இணையச் சேவை நிறுவனங்கள் மட்டும், இந்தச் சுமைக்கு யார் பணம் தருவது என்று பிபிசியிடம் சண்டைக்கு நின்றன.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன பொறியாளர்களின் அந்த முடிவுக்கு வருகிறேன். யூடியூப் வழி எளிமையானது, ஆனால் இரண்டு குறைகள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போனவருக்கும் கோப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். அனுப்பியவருக்கு வீண் செலவு. தரமும் ஒன்றே, இணைப்பு இளைத்தால் படம் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த மூவ் நெட்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனம் இதற்கு விடை வைத்திருந்தது. ஏபிசி அதைப் பயன்படுத்தியது. 2008-இல் மைக்ரோசாஃப்டின் ஸ்மூத் ஸ்ட்ரீமிங், 2009-இல் ஐபோனுக்காக ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் இரண்டும் அதே பாதையில் நடந்தன.

விடை இதுதான்: தொடரை ஓட விடாதே, வெட்டு. ஓர் எபிசோடை ஐந்தாறு தரங்களில் தயாரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றையும் மைக்ரோசாஃப்ட் இரண்டு நொடித் துண்டுகளாக வெட்டியது, ஆப்பிள் பத்து நொடித் துண்டுகளாக. எல்லாத் தரத்திலும் வெட்டு ஒரே இடத்தில் விழும். ஒவ்வொரு துண்டும் ஒரு கீ பிரேமில் தொடங்கும். முழுப் படத்தோடு தொடங்குவதால் எந்தத் துண்டுக்கும் முந்தைய துண்டின் தயவு வேண்டாம். நாற்பதாவது துண்டை உயர்ந்த தரத்தில் பார்த்துவிட்டு நாற்பத்தோராவதைத் தாழ்ந்த தரத்தில் வாங்கினாலும் தையல் தெரியாது. ஒவ்வொரு துண்டும் இறங்க எத்தனை நேரம் ஆயிற்று என்று பிளேயர் அளக்கிறது. விரைவாக வந்தால் அடுத்ததைப் பெரிதாகக் கேட்கிறது. இழுத்தால் சிறிதாகக் கேட்கிறது. படம் சற்று மங்கும், ஆனால் நிற்காது.

இதில் நான் வியப்பது பொறுப்பு இடம் மாறியதைத்தான். பழைய முறையில் சர்வர் எல்லாம் அறிந்து எல்லாம் நடத்தியது. புதிய முறையில் அதற்குப் பார்ப்பவர் யாரென்றே தெரியாது. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறது. முடிவெடுப்பது உங்கள் கையில் இருக்கும் கருவி. லட்சக்கணக்கானோர் வந்தாலும் அவரவர் கருவி அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது.

முதலில் சொன்ன தனிப் பிரதிச் சிக்கலும் இதனால்தான் தளர்ந்தது. துண்டு என்பது வலைப் பக்கத்தின் படத்தைப் போன்ற சாதாரணக் கோப்பு. எம்ஐடியில் டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் செய்த ஆய்விலிருந்து 1998-இல் பிறந்த அகமாய், வலைப் பக்கங்களின் பிரதிகளை உலகெங்கும் ஊருக்கு ஊர் சர்வர்களில் வைத்திருந்தது. அதே சர்வர்களில் துண்டுகளும் ஏறிக்கொண்டன; தடுப்பு மென்பொருள்களும் வலைப் பக்கம்தானே என்று வழிவிட்டன. ஒரு நகரத்தில் முதலில் கேட்டவருக்காகத் தொலைவிலிருந்து வந்த துண்டு, அடுத்து வருபவர்களுக்குப் பக்கத்திலிருந்தே கிடைக்கும். 2012-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு படி மேலே போய், தொடர்கள் நிரம்பிய சர்வர் பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே வைக்கத் தொடங்கியது. கூட்டம் குறைந்த நேரத்தில் அவற்றை நிரப்பிவிட்டால், மாலையில் நீண்ட தூரப் பயணமே தேவையில்லை.

வெட்டியதற்கு விலை ஒன்று உண்டு. நேரடி ஒளிபரப்பில் அது தெரியும். பத்து நொடித் துண்டு உருவாகப் பத்து நொடி ஆக வேண்டும். பாதுகாப்புக்காக மூன்று துண்டுகள் பின்தங்கியே பிளேயர் தொடங்கும். ஆக மைதானத்தில் நடப்பது திரைக்கு வர அரை நிமிடம் கடந்துவிடும். ஐபிஎல் நாளில் கைபேசியில் பவுலர் ஓடி வரத் தொடங்கும் முன்பே கேபிள் டிவி இருக்கும் பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்பது இதனால்தான். துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் கீ பிரேம்கள் கூடிப் பிட் செலவு ஏறும். தொட்டியில் இருப்பும் குறையும், படம் நிற்கும் ஆபத்து திரும்ப வரும். 2019-இல் ஆப்பிள் அறிவித்த குறைந்த தாமத எச்எல்எஸ், துண்டு முழுதாகத் தயாராகும் முன்பே அதன் சிறு பகுதிகளை வரிசையாக அனுப்புகிறது. அந்தச் சிறு பகுதி ஒவ்வொன்றும் கீ பிரேமில் தொடங்க வேண்டியதில்லை. அதனால் பிட் செலவை ஏற்றாமலே தாமதத்தைச் சில நொடிகளுக்குள் கொண்டுவர முடிகிறது.