கமிஷன் வாங்கும் மண்டிக்குப் பொறுப்பு இல்லையா?



செல்போனில் பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டைப் பற்றி நமது இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சில உறுப்பினர்கள் நினைக்கலாம். அந்த விளையாட்டையும் ஒருவர் உட்கார்ந்து தயாரிக்கிறார். அதை ஒரு மண்டியில் வைத்து விற்கிறார். மண்டிக்குக் கமிஷன் கொடுக்கிறார். அவருடைய சரக்குக்குப் போலி வந்தால் நஷ்டப்படுகிறார். இதில் நமக்குத் தெரியாதது எது?

விளையாட்டு தயாரிக்கும் பெரிய கம்பெனிகளை விட்டுவிடுவோம். ஒருவர், இருவர், ஐந்தாறு பேர் சேர்ந்து கைக்காசைப் போட்டுத் தயாரிக்கும் சிறு தயாரிப்பாளர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். வீட்டில் அப்பளம், ஊறுகாய் போட்டு நம் கடைகளுக்குக் கொடுப்பவர்களைப் போன்றவர்கள் இவர்கள். செல்போன் சரக்குக்கு உள்ள பெரிய மண்டிகள் இரண்டு. ஒன்று கூகுளின் பிளே ஸ்டோர், மற்றது ஆப்பிளின் ஆப் ஸ்டோர். இவை நெடுநாளாக வாங்கி வந்த கமிஷன் நூற்றுக்கு 30. சிறு தயாரிப்பாளர்களுக்கு 2021இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நம் மண்டிகளில் நூற்றுக்கு 15 கேட்டால் மறுநாள் ஒரு மூட்டைகூட வந்து இறங்காது!

போலி வரும் வழி

போலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று அப்பட்டமான திருட்டு. ஆப் என்பது ஒரு பொட்டலம். அதைப் பிரித்து, பெயரையும் படத்தையும் மாற்றி, விளம்பர வருமானம் தன் கணக்குக்கு வரும்படி செய்து, மறுபடி கட்டி அதே மண்டியில் வைத்துவிடுகிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். இரண்டாவது வகை, ஒரு விளையாட்டின் பெயர், தோற்றம், போக்கு மூன்றையும் பார்த்து அதே போலச் செய்து, இலவசமாக விட்டு விளம்பரத்தில் சம்பாதிப்பது.

ஜோஷ் வார்டில் என்பவர் 2021 அக்டோபரில் 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டை இணையத்தில் வெளியிட்டார். கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, செல்போன் ஆப்பும் கிடையாது. 2022 ஜனவரியில் அதே பெயரோடும் அதே கட்டங்களோடும் ஆப்பிளின் ஸ்டோரில் ஆப்கள் முளைத்தன. ஒருவர் வருடத்துக்கு 30 டாலர் சந்தாகூட வைத்தார். பலரும் கண்டித்த பிறகே ஆப்பிள் அவற்றை நீக்கியது.

அதே ஜனவரியில் இன்னொன்று நடந்தது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துச் சிறு நிறுவனமான விட்ச் பீம், 'அன்பேக்கிங்' என்ற விளையாட்டை 2021 நவம்பரில் வெளியிட்டிருந்தது. வீடு மாறும்போது பெட்டியைப் பிரித்துச் சாமான்களை அடுக்குவதுதான் விளையாட்டு. அது செல்போனுக்கு வருவதற்கு முன்பே 'அன்பேக்கிங் மாஸ்டர்' என்ற நகல் ஆப்பிளின் ஸ்டோரில் இலவச ஆப்களின் வரிசையில் முன்னுக்கு வந்துவிட்டது. அசல்காரர்கள் பகிரங்கமாகக் குரல் கொடுத்த பிறகு அதுவும் நீக்கப்பட்டது.

கோர்ட்டுக்குப் போய் வென்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஸ்பிரை ஃபாக்ஸ் என்ற சிறு நிறுவனம் 'ட்ரிபிள் டவுன்' என்ற விளையாட்டைச் செய்தது. வெளியீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்த 6வேவ்ஸ் நிறுவனம் 2011இல் 'எட்டி டவுன்' என்று அதே மாதிரி ஒன்றை வெளியிட்டது. 2012 ஜனவரியில் வழக்கு. அதே ஆண்டு அக்டோபரில் சமரசம். நகலின் உரிமையையே அசல்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எது திருட்டு, எது போட்டி?

எல்லாவற்றையும் திருட்டு என்று சொல்வதும் நியாயமாகாது. 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டை 14 மாதம் உழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே ஓர் இத்தாலிய இளைஞர் அதே வழியில் '2048' என்ற விளையாட்டைச் செய்து இலவசமாக விட்டார். உலகமே அதை ஆடியது. அசலைப் பார்த்தவர்கள் '2048'இன் நகல் என்றார்கள்! உழைத்தவருக்கு வயிறு எரியும், சந்தேகமில்லை. ஆனால் விளையாட்டின் யோசனையும் விதியும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்பதுதான் சட்டம். கடலை மிட்டாய் யாரும் செய்யலாம், அடுத்தவர் லேபிளை ஒட்டக்கூடாது. யோசனையை எடுப்பது போட்டி. உழைப்பையும் பெயரையும் எடுப்பது திருட்டு.

நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே மதிக்கிறது. தெரிந்தே திருடினால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இணையத்தில் திருட்டுப் பிரதி கிடைக்க வழி செய்யும் நிறுவனத்துக்கு உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், 36 மணி நேரத்தில் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். கைக்காசு போட்டுத் தொழில் செய்பவர் 21 நாளில் கோர்ட் உத்தரவு வாங்குவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும்.

மண்டிக்காரரின் கடமை

'நாங்கள் இடம் மட்டுமே கொடுக்கிறோம், சரக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்பது இந்த மண்டிகளின் வாதம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அதற்குப் பாதுகாப்பும் தருகிறது. ஆனால் விற்பனையில் தானும் முனைந்து பங்கு கொள்ளும் இணைய அங்காடி அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2018இல் டில்லி உயர் நீதிமன்றம், செருப்பு, ஷூ தயாரிக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வழக்கில் கூறியது.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 மார்ச் 1ஆம் தேதி, கட்டணத் தகராறில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்திய ஆப்களைக் கூகுள் நீக்கியது. மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தோம் என்றது கூகுள். மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் அவை திரும்பி வந்தன. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். தனக்கு வர வேண்டிய கமிஷனுக்காக ஒரே நாளில் சரக்கைத் தூக்கி வெளியே வைக்க முடிந்த மண்டி, அடுத்தவர் சரக்கின் போலியையும் அதே வேகத்தில் தூக்க முடியும். மனம்தான் வேண்டும். அசலிலும் போலியிலும் ஒரே மாதிரி கமிஷன் வருகிற வரை அந்த மனம் தானாக வராது.

நாற்பது வருடமாக மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். என் கிடங்கிலிருந்து போன மூட்டையில் கலப்படம் இருந்தால், 'இடம் மட்டுமே என்னுடையது' என்று நான் சொல்ல முடியாது. சில்லறைக் கடைக்காரர் என் சட்டையைத்தான் பிடிப்பார். அதுதான் முறையும்கூட.

நமக்கு என்ன?

சர்க்கரைப் பாகின் மேல் கல்வராயன் மலைத்தேன் என்று லேபிள் ஒட்டினால், மலையில் தேன் எடுக்கும் குடும்பத்தின் பெயர்தான் கெடுகிறது. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தப் பெயரைக் காப்பதற்குத்தான். சொந்தப் பெயரில் மசாலா, அரிசி, எண்ணெய் பாக்கெட் போடும் உறுப்பினர்கள் டிரேட் மார்க் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய வழியில் ஒரு வகைச் சரக்குக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

போலி ஆப் நம் கல்லாவுக்கும் வந்துவிட்டது. பணம் கட்டியது போலத் திரையில் காட்டும் போலி ஆப்களை வைத்துக் கடைக்காரர்களை ஏமாற்றுகிறார்கள். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல், நம் கணக்கில் வரவு வந்ததா என்று பார்த்த பிறகே சரக்கைக் கொடுங்கள். ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆப் இறக்கும்போது தயாரிப்பாளர் பெயர் சரிதானா என்று பார்ப்பது, பாக்கெட்டில் கம்பெனி பெயர் பார்த்து வாங்குவதற்குச் சமம்.

இடம் கொடுத்துக் காசு வாங்குகிறவர் சரக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். மளிகைக் கடைக்குச் செல்லுகிற இந்த நியாயம் உலகத்தின் பெரிய மண்டிகளுக்கும் செல்ல வேண்டும் என்று கேட்க, சிறு வணிகர்களாகிய நமக்கு முழுத் தகுதி உண்டு.