பழைய கார்டா, புதிய கார்டா? காசை எடுக்குமுன் கணக்கைப் பாருங்கள்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ-5 வீதியில், இறம்பொடையில் சிறியதொரு ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். பாஸ்போட் அளவுப் படம், அல்பம், கலியாண வீடியோ என்று எமது பிழைப்பு ஓடுகிறது. கடந்த கலியாண சீசனில் ஒரே வாரத்தில் மூன்று வீடியோக்களை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. புதிதாக வாங்கிய கெமராவில் 4கே தரத்தில் எடுத்த காட்சிகளைக் கணனியில் போட்டால், படம் நின்று நின்று ஓடியது.

"நானா, இந்த கிராபிக்ஸ் கார்ட் கிழடாகிப் போச்சு. புதுசு ஒன்டு போடாட்டி இந்த வேலை முடியாது" என்றார் கடையில் வேலை செய்யும் தம்பி.

கையில் இருந்ததோ அடுத்த மூன்று மாதக் கடை வாடகைக்கு ஒதுக்கிய பணம். அதை எடுத்துக் கார்ட் வாங்குவதா, இல்லையா? எங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் பலருக்கும் இதே கேள்வி வருவதால், நான் அறிந்து கொண்டதை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் கார்டின் பெயரை வாசிக்கத் தெரிய வேண்டும். என்விடியா கார்ட்களில் முன்னால் வரும் இலக்கங்கள் தலைமுறையைச் சொல்லும். கடைசி இரண்டு இலக்கங்கள் அதன் தரவரிசையைச் சொல்லும். 2016 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 பழையது, 2022 இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 புதியது. ஆனால் சாதாரண விளையாட்டுகளின் வேகத்தில் பழைய 1080 தான் முன்னால் நிற்கிறது. புதியது என்பதற்காக வேகமானது என்று நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் பழைய பெரிய கார்டையே மலிவாக வாங்கிவிடலாமா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2017 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. அக்காலத்தில் மிகப் பெரிய கார்ட்களில் ஒன்று. 2023 இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 நடுத்தர வாங்குநருக்கானது. இரண்டும் வேகத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் பழையது முழு வேலையில் 250 வொட் வரை இழுக்கும். புதியதற்கு 115 வொட் போதும். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம், மாதம் 25 நாள் முழு வேலை வாங்கினால், வித்தியாசம் மட்டும் 20 யுனிட். மின் கட்டணம் கட்டும் வியாபாரிக்கு இது சிறிய விடயமல்ல. பழையதில் நினைவகம் 11 ஜி.பி., புதியதில் 8 ஜி.பி. என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பொறி, ஒரே பெயரில் இரண்டு சரக்கு. ஜி.டி. 1030 என்ற சிறிய கார்ட் 2017 இல் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்துடன் வந்தது. 2018 இல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவகத்துடனும் விற்பனைக்கு வந்தது. பின்னையதன் நினைவக வேகம் முன்னையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாந்து போவார்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் 1050 டி.ஐ. என்று சொல்லி ஒருவர் விற்ற பாவித்த கார்ட், உள்ளே பெயர் மாற்றப்பட்ட மிகப் பழைய கார்டாக இருந்தது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலி என்விடியா கார்ட்களைக் காட்டிக் கொடுக்கிறது. அதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பணம் திரும்பி வரவில்லை.

அந்தச் சூடு இருந்ததால், இம்முறை வாங்குமுன் சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன். எனது கணனி 2021 இல் வாங்கியது. இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5. அந்த நேரம் உலகெங்கும் கார்ட்களுக்குத் தட்டுப்பாடு என்பதால், பாவித்த ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜி.பி. கார்டைப் போட்டிருந்தேன். ஒரே கலியாணக் காட்சியை எடுத்துக்கொண்டு, 4060 வைத்திருக்கும் கம்பளை நண்பரின் கடைக்குப் போனேன்.

வெறுமனே வெட்டி ஒட்டிய காட்சியை வெளியே எடுப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் விழும் புள்ளிகளை அகற்றும் வேலையைக் கொடுத்தபோது, புதிய கார்ட் எனது கார்டை வெகுதூரம் பின்தள்ளிவிட்டது.

ஆச்சரியம் வேறொன்றில் இருந்தது. எனது கெமரா காட்சி, அவருடைய கணனியிலும் நின்று நின்றுதான் ஓடியது! காரணத்தைத் தேடியபோது உண்மை வெளிவந்தது. எனது கெமரா, நிற விபரத்தைக் கூடுதலாகப் பதியும் எச்.265, 4:2:2, 10 பிட் முறையில் எழுதுகிறது. அதை நேரடியாக வாசிக்கும் வசதி என்விடியா கார்ட்களில் 2025 இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் சேர்க்கப்பட்டது. இன்டெல் 11ஆம் தலைமுறை புரொசசருக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸிலோ அது ஏற்கனவே உண்டு. பெயரின் இறுதியில் எப் எழுத்துள்ள புரொசசர்களில் மட்டும் அந்த கிராபிக்ஸ் இருக்காது.

கடைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். தனிக் கார்ட் போட்டிருந்ததால், உள்ளிருந்த கிராபிக்ஸ் பயொஸில் நிறுத்தப்பட்டிருந்தது. அதை இயக்கி, எடிட்டிங் மென்பொருளிலும் தெரிவு செய்தேன். காட்சி தடையின்றி ஓடியது. ஒரு சதமும் செலவில்லை. மூன்று வீடியோக்களும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. வாடகைப் பணமும் பெட்டியிலேயே இருந்தது.

அதற்காகப் பழைய கார்டே போதும் என்று சொல்ல வரவில்லை. 1060 உள்ளிட்ட 10 வரிசைக்கு என்விடியா வழங்கிய வழமையான டிரைவர் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபருடன் முடிந்துவிட்டன; 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். ஆகவே சீசன் வருமானம் கைக்கு வந்த பின், கடனில்லாமல் புதிய கார்ட் வாங்கினேன். புள்ளி அகற்றும் வேலைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதால், அந்தச் செலவு வேலையிலிருந்தே திரும்பி வருகிறது.

வியாபார நண்பர்களே! பில் அடிக்கவும் கணக்கு எழுதவும் மட்டும் கணனி வைத்திருப்பவருக்குத் தனிக் கார்டே தேவையில்லை. மற்றவர்கள், உங்கள் சொந்த வேலையையே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். தாமதம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். நினைவகத்தின் வகை, மின்சாரம், டிரைவர் ஆயுள் ஆகியவற்றைக் கேளுங்கள். பாவித்ததாயின் போலியா என்று சோதியுங்கள். அதன் பிறகு பணப்பெட்டியைத் திறவுங்கள்.