நிலக்கரியின் எடை

கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் எண்ணூரில் இருந்த பழைய அனல்மின் நிலையத்திலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி, அதோடு பிணைந்த ஜெனரேட்டரில் மின்சாரம் எடுப்பது. ஓடிக் களைத்த நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்க வேண்டும். இரண்டும் கடலோரம் வந்ததற்கு அது முக்கியக் காரணம். வித்தியாசம் அடுப்பில்தான். நிலக்கரி அடுப்பைப் புரிந்துகொள்ள, அதன் சூட்டைவிட அதற்குள் போய்வரும் எடையைப் பார்ப்பது நல்லது. எண்ணூரில் 1970-இல் ஓடத் தொடங்கிய முதல் இயந்திரம் 60 மெகாவாட்தான். யூனிட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று வைத்துக்கொண்டாலும், முழுத் திறனில் அது மணிக்கு 45 டன் விழுங்கும். நிலக்கரியை மாவாக அரைத்து, காற்றோடு கொதிகலனுக்குள் ஊதுவார்கள். எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். 40 என்றால் மணிக்கு 18 டன். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, ரயிலில் பாரதீப்புக்கும் அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் வரும் சரக்கில் இவ்வளவு பங்கு எரியவே எரியாது. கூலி மட்டும் அதற்கும் சேர்த்துத்தான்!

இறக்குமதி நிலக்கரியில் சாம்பல் குறைவு என்பார்கள். சரி, செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூரில் திட்டமிடப்பட்ட 4,000 மெகாவாட் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு அரைக் கிலோ, சாம்பல் 10 சதவீதம் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், முழுத் திறனில் நாளொன்றுக்கு 48,000 டன் நிலக்கரி, 4,800 டன் சாம்பல். சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் அது பயன்படும் என்பது உண்மை. ஆனால் சாம்பல் ஏற்ற லாரி வராத நாளிலும் கொதிகலன் எரியும். மிஞ்சியது சாம்பல் குளத்துக்குப் போகும். வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததை நாம் பார்த்தாயிற்று.

நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் என்றால், இரவில் சூரிய ஒளி ஏது என்ற கேள்வி நியாயமானது. இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இருக்கும் நிலையங்களைப் பகலில் தணித்து, மாலையில் ஏற்றி ஓட்டலாம். ஆனால் கொதிகலன் கேஸ் அடுப்பல்ல. அடிக்கடி ஏற்றி இறக்கினால் குழாய்களின் உலோகம் விரிந்து சுருங்கித் தளரும், பராமரிப்புச் செலவும் கூடும். அந்தச் செலவை ஏற்கலாம். புதிதாக ஒரு சாம்பல் மேட்டைச் செய்யூர்ப் பக்கத்து ஓதியூர் காயலுக்கு அருகே குவிப்பதைவிட அது மலிவு. செய்யூர் நிலையம் கட்டப்படாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.