பிளாக்செயினில் இருப்பதைத் தேடி எடுப்பது எப்படி? புதுச்சேரி பிறப்புப் பதிவேடு சொல்லும் பாடம்!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் நினைவிருக்கிறதா? 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி, 2021-ல் திறந்தார்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். ஒரு பிறப்புப் பதிவேடு அழிந்துபோனால்?

இதற்கு பிரெஞ்சுக்காரர்கள் 1776-லேயே வழி செய்தார்கள். காலனிகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளில் கூடுதலாக ஒரு பிரதி எழுதி பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூனில் மன்னர் 16-ம் லூயி ஆணையிட்டார். அப்படிப் போன புதுச்சேரிப் பதிவேடுகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடும் குடும்பங்கள், ஸ்கேன் செய்த பழைய பக்கங்களை இணையத்திலேயே பார்க்கலாம்.

பிளாக்செயினின் அடிப்படையும் இதுதான். ஒரே பதிவேடு, பல இடங்களில் பல பிரதிகள். கூடவே ஒரு பூட்டும் உண்டு. ஒவ்வொரு பக்கமும், அதாவது பிளாக்கும், முந்தைய பிளாக்கின் கைரேகை போன்ற ஓர் எண்ணைச் சுமந்திருக்கும். அதற்குப் பெயர் ஹேஷ். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹேஷ் மாறிவிடும், திருட்டு தெரிந்துவிடும்.

இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். மதிப்பெண் சான்றிதழ்களைக் கல்லூரிகளும் நிறுவனங்களும் வங்கிகளும் சரிபார்ப்பதற்காக, 2021-ல் சி.பி.எஸ்.இ ஒரு பிளாக்செயின் அமைப்பைக் கொண்டுவந்தது. புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்கள் 2025-ல் முதன்முறையாக சி.பி.எஸ்.இ பொதுத்தேர்வு எழுதினார்கள்.

தேடுவதுதான் சிக்கல்

பதிவேட்டில் எல்லாம் நாள் வரிசையில் இருக்கும். பெயர் தெரியும், தேதி தெரியாது என்றால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். அதனால்தான் பிரெஞ்சுப் பதிவு முறையில் பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்களை அகரவரிசையில் தொகுத்து, தனி அட்டவணை போடுவார்கள்.

பிளாக்செயினிலும் அதே பாடுதான். எதேரியம் என்ற பொது பிளாக்செயினில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் சேர்கிறது. மொத்தம் 2 கோடியைத் தாண்டிவிட்டது. 'இந்த முகவரிக்கு வந்த பணம் எல்லாவற்றையும் காட்டு' என்று கேட்டால், செயினுக்கு நேரடியாகப் பதில் சொல்லத் தெரியாது. ஆகவே தகவலை எடுத்து ஒரு டேட்டாபேஸில் அடுக்குகிறார்கள். அதுதான் நம் அகரவரிசை அட்டவணை.

வீட்டுக் கணினியில் செய்து பார்க்கலாமா?

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் தாராளமாக முயலலாம். 'எதேரியம் ஈ.டி.எல்' என்ற இலவசக் கருவி இருக்கிறது.

1. பைதான் உள்ள கணினியில் 'பிப்' கட்டளை மூலம் கருவியை நிறுவுங்கள்.

2. செயினைப் படிக்க ஒரு நோட் வேண்டும். சொந்தமாக வைக்க ஒரு டெராபைட்டுக்கும் அதிக இடம் தேவை. பழகுவதற்கு, நோட் சேவை தரும் நிறுவனங்களின் இணைய முகவரி போதும்.

3. தொடக்க எண், முடிவு எண் கொடுத்து ஓர் ஆயிரம் பிளாக்குகளை மட்டும் கேளுங்கள். பிளாக்குகள் ஒரு ஃபைலிலும், பரிவர்த்தனைகள் இன்னொன்றிலும் வரும்.

4. அவற்றை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றுங்கள். தொகை வெய் என்ற மிகச் சிறிய அலகில் இருக்கும். ஒரு ஈதர் என்பது 1-க்குப் பின் 18 பூஜ்ஜியம் போட்ட வெய். 'பிக்இன்ட்' வகையில் வைத்தால் 9 ஈதரைத் தாண்டியதுமே எண் கொள்ளாது. 'நியூமரிக்' வகையைத் தேர்ந்தெடுங்கள்.

5. அனுப்பியவர், பெற்றவர் முகவரிகளுக்கு இண்டெக்ஸ் போடுங்கள். தேடல் வேகமாகும்.

புத்தம்புது பிளாக்குகளில் மட்டும் அவசரம் வேண்டாம். எதேரியத்தில் ஒரு பிளாக் இறுதியாக உறுதியாக சுமார் 13 நிமிடம் ஆகும். அதற்கு முன் அது மாறவும் வாய்ப்பு உண்டு.

இந்த வேலைக்கு யாருடைய ரகசியச் சொற்களும் பிரைவேட் கீயும் தேவையில்லை. யாராவது கேட்டால், அது மோசடி.

அட்டவணையை நம்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. செயினைத் திருத்துவது மிகக் கடினம். டேட்டாபேஸ் அப்படியல்ல, அனுமதி உள்ளவர் ஒரே வரியில் மாற்றிவிடலாம். ஏற்றும்போது நெட் போனால், நடுவில் பத்து பிளாக்குகள் விட்டுப்போகவும் கூடும். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் உள்ள 'முந்தைய ஹேஷ்', அதற்கு முந்தைய வரியின் ஹேஷோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத இடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது அல்லது மாறியிருக்கிறது. கடைசி பிளாக்கின் ஹேஷை செயினில் உள்ளதோடு ஒப்பிட்டால் ஹேஷ் வரிசை சரிதானா என்று தெரியும்; ஆனால் ஹேஷைத் தொடாமல் தொகை போன்ற விவரத்தை மட்டும் மாற்றியிருந்தால், அது இந்தச் சோதனையில் தெரியாது.

'பிளாக்செயினில் சரிபார்க்கப்பட்டது' என்று எந்தத் திரையாவது சொன்னால், நாம் பார்ப்பது பெரும்பாலும் டேட்டாபேஸைத்தான். அதை மூலச் செயினோடு ஒப்பிட வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, எழுதும்போதே தப்பாக எழுதியதை பிளாக்செயின் திருத்தாது; தப்பையும் பத்திரமாகவே வைத்திருக்கும். அதனால் பள்ளியில் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.