எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு

அம்பாசிடர் காரின் 1489 சி.சி. எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். ஒவ்வொன்றும் இரண்டு அரைவட்டத் தகடுகள்: முதுகு எஃகு, உட்பக்கம் மென்மையான உலோகம். எஞ்சின் சீராக ஓடும்போது தண்டு இந்த உலோகத்தைத் தொடுவதே இல்லை. அழுத்தத்தோடு வரும் எண்ணெயின் மேல் மிதந்து சுழல்கிறது. அந்தப் படலத்துக்கு விடும் இடைவெளி, பல கார் எஞ்சின்களில் 0.025 முதல் 0.075 மில்லிமீட்டர்தான். தலைமுடிப் பருமன்!

எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது இந்த இடைவெளியை அளக்கும் முறை அழகானது. மெழுகு போன்ற மெல்லிய பச்சை இழையைத் துடைத்த தண்டின் மேல் கிடத்தி, பேரிங்கின் மூடியை வைத்து, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கி, பிறகு கழற்றுவார்கள். இழை அகலமாக நசுங்கியிருந்தால் இடைவெளி குறைவு. நடுவில் கிராங்கைத் தப்பித் தவறியும் சுற்றக் கூடாது.

தகட்டின் முதுகில் எண்ணெய் தடவுவது பெரும் பிழை. முதுகும் அது உட்காரும் இடமும் தூசின்றிக் காய்ந்திருக்க வேண்டும்; எண்ணெய் உட்பக்கத்துக்கு மட்டும். தகட்டின் முனை, அது உட்காரும் இடத்தின் மட்டத்துக்கு மேல் இம்மியளவு நீண்டிருக்கும். அதை உபரி என்று நினைத்து அரத்தால் ராவிவிடக் கூடாது. மூடி இறுகும்போது அந்த நீட்டம்தான் தகட்டை நழுவாமல் பிடிக்கிறது. மேல் தகட்டின் துளை, எஞ்சின் பிளாக்கின் எண்ணெய்த் துளைக்கு நேராக வர வேண்டும். மூடிகளும் இடமோ திசையோ மாறக் கூடாது. அவை பிளாக்கோடு சேர்த்தே குடையப்பட்டவை.