எட்டு மணிக்குப் போர்வை, இரண்டு மணிக்கு விழிப்பு

கேமரன் மலையில், கோலா தெர்லாவில், என் அத்தை வீட்டு அடுப்படி அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. உள்ளே மாத்திரை அட்டைகள். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. ஓரமாக டிஷ்யூவில் சுற்றி வைத்த அரை மாத்திரைகள் தூக்கத்துக்கு. நகத்தால் உடைத்தவை என்பதால் ஒன்றும் சரிபாதியாக இல்லை. டின்னின் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது.

"இதப் போட்டாத்தான் கண்ணு மூடுது, ஐயா. போடலன்னா விடிய விடிய மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மாமா தவறிய மாதம் ஒரு கிளினிக்கில் கொடுத்தார்களாம். மாமா தவறி ஏழு வருடம் ஆகிறது.

முப்பது வருடத்துக்கும் மேல் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்தவர் அத்தை. துக்கத்தில் தூக்கம் போனபோது மாத்திரை கொடுத்ததில் தப்பில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று யாருமே சொல்லாததுதான் தப்பு. அட்டை தீர்ந்ததும் இன்னோர் அட்டை வந்தது, அவ்வளவுதான். மலைமேல் இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை டின்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரை உண்மையில் என்ன செய்கிறது

ஒரு வாரம் தூக்கம் கெடுவது எல்லாருக்கும் நடப்பதுதான். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதமோ அதற்கு மேலோ, படுக்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல், பகல் வேலையும் அதனால் கெடுகிறது என்றால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் மருத்துவர்கள்.

டயஸெபாம், லோரஸெபாம், அல்பிரஸோலாம் ஆகியவை பென்ஸோடயஸெபின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960-இல் விற்பனைக்கு வந்தது. வேலியம் என்ற பெயரில் டயஸெபாம் வந்தது 1963-இல். பிற்காலத்தில் வந்த ஸோல்பிடெம் வேறு குடும்பம் என்றாலும், வேலை செய்யும் இடம் ஒன்றுதான். மூளையின் பரபரப்பை அடக்க 'காபா' என்ற வேதிப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் கையை ஓங்கச் செய்கின்றன. அதனால் முதல் சில இரவுகளில் நன்றாகவே கேட்கும்.

வாரக்கணக்கில் தொடரும்போது மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பழைய அளவு போதாமல் போகிறது. ஓர் இரவு விட்டுப் பார்த்தால், மாத்திரை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தூக்கம் கெடுகிறது. படபடப்பு, வியர்வை, கெட்ட கனவு எல்லாம் சேர்ந்து வருகின்றன. அந்த ஓர் இரவைத்தான் அத்தை சாட்சியாகக் காட்டுகிறார்: "பாத்தியா, போடலன்னா எனக்குத் தூக்கமே இல்ல." அன்று அவரை விழிக்க வைத்தது பழைய தூக்கமின்மை அல்ல, மாத்திரை இறங்கியதன் எதிர்வினை. இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பலருக்குப் பாதி பயம் போய்விடும்.

2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும், 2023-இல் புதுப்பிக்கப்பட்ட ஐரோப்பிய வழிகாட்டியும் சொல்வது ஒன்றையேதான்: நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை பழக்கத்தை மாற்றும் பயிற்சி. இந்த வகை மாத்திரை தேவைப்பட்டால் நான்கு வாரத்துக்குள் முடிப்பது நல்லது என்கிறது ஐரோப்பிய வழிகாட்டி.

காலையில் இறங்காத மயக்கம்

இரவு போட்ட மருந்து காலை ஐந்து மணிக்கு உடம்பை விட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறோம். பெண்களின் உடலில் ஸோல்பிடெம் மெதுவாகவே கழிகிறது என்று தெரிந்ததால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான வழக்கமான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக 2019-இல் அந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

இதைக் கேமரன் மலையில் வைத்து யோசித்துப் பாருங்கள். காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மண்பாதையில் இறங்கும் பழைய லேண்ட் ரோவரை ஓட்டுபவர், முந்தின இரவு மாத்திரை போட்டவராக இருந்தால்? பனியில் நனைந்த படிக்கட்டில் ராத்திரி மூன்று மணிக்குக் கழிவறைக்குப் போகும் அறுபது வயதுக்காரர் தடுமாறினால்? வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தை இந்த மாத்திரைகள் கூட்டுகின்றன.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சம்சுச் சாராயமோ பீரோ, "கொஞ்சம் போட்டாத் தூக்கம் வரும்" என்பது தோட்டத்தில் பழைய பேச்சு. போட்டால் கண் மூடும், உண்மை. பின்னிரவில் போதை இறங்கும்போது தூக்கம் துண்டு துண்டாக உடையும். அதே வயிற்றில் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சுத் திணறி எழுபவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

எரிமின் என்ற பெயர் மலேசியாவில் பலருக்குத் தெரியும். அது போதை மாத்திரையாகப் பிறந்ததல்ல. நிமெடஸெபாம் என்ற, தூக்கமின்மைக்காக ஜப்பானில் தயாரான மருந்து. அசல் தயாரிப்பு 2015-இல் நின்றுவிட்டது. அந்தப் பெயரில் இன்று கைமாறும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. நண்பர் கொடுத்தார், வேன்காரர் வாங்கி வந்தார் என்று எந்தத் தூக்க மாத்திரையையும் வாயில் போடாதீர்கள். 1952-ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டத்தின்கீழ் இவை கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை.

குளிருக்குப் படுப்பதும் தூக்கத்துக்குப் படுப்பதும்

அத்தை வீட்டில் மூன்று இரவு தங்கினேன். ஏழரைக்கு இருட்டிவிடும். எட்டு மணிக்கெல்லாம் குளிர் தரையிலிருந்து ஏறும். வேறு வழியில்லை, எல்லாரும் போர்வைக்குள் போய்விடுகிறார்கள். அத்தை எட்டு மணிக்குப் படுக்கிறார். காலை ஐந்துக்கு எழுகிறார். கணக்குக்கு ஒன்பது மணி நேரம். அவர் தூங்குவதோ ஐந்தரை மணி நேரம்தான். மிச்சம் மூன்றரை மணி நேரம் புரள்வது, கடிகாரம் பார்ப்பது, மாமாவை நினைப்பது.

அவருடைய தூக்கமின்மையின் வேர் அங்கேதான் இருந்தது. துக்கம் அதைத் தொடங்கி வைத்தது. குளிருக்காகச் சீக்கிரம் படுக்கும் பழக்கம் அதை ஏழு வருடம் உயிரோடு வைத்திருந்தது. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது.

இதை மாற்றும் வழியை 1972-இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படு. இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில் உட்கார். மறுபடி சுழற்றினால் போய்ப் படு. ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு. 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவரது சகாக்களும் இன்னொரு படி போனார்கள்: தூங்கும் நேரம் எவ்வளவோ, படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஏறக்குறைய அவ்வளவாகவே சுருக்கிவிடு. படுத்திருக்கும் நேரத்தில் 90 சதவீதமாவது தூங்குகிறாய் என்றால் கால் மணி நேரம் கூட்டிக்கொள்.

இந்தக் கணக்கில் அத்தைக்கு அவருடைய டாக்டர் சொன்ன நேரம் இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை. "பதினோரு மணி வரைக்கும் இந்தக் குளிர்ல எங்கய்யா உக்காருறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நகரத்து டாக்டர்கள் எழுதும் குறிப்புகளில் இதற்குப் பதில் கிடையாது. நாங்கள் கண்டுபிடித்த பதில், அடுப்படியில் சாய்வில்லாத ஒரு நாற்காலி, சுவெட்டர், இரண்டு ஜோடி காலுறை, மடியில் ஒரு கம்பளி, மறுநாளுக்கு ஆய வேண்டிய கீரை. அறைக்குள் இருக்கும் குளிர் தூக்கத்துக்கு நல்லதுதான். உடல் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும்.

முதல் பத்து நாள் கொடுமை. பகலெல்லாம் சோர்வு, கோபம். பலரும் அந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் ஒரேயடியாக ஏறி இறங்கும் இருமுனை நோய் உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் இந்த முறையைச் சொந்தமாகச் செய்யக்கூடாது. மற்றவர்களும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக்கூடாது.

கொழுந்தில் இருக்கும் காஃபின்

இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளுகிறோமே, காஃபின் அதிகம் இருப்பது அந்த இளங்கொழுந்தில்தான். பூச்சி கடிக்காமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல் அது. நம் மூளையில் பகல் முழுக்கச் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் பொருளை அது மறித்து நிற்கிறது. குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு கோப்பைத் தேநீரில் அதில் எட்டில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். ஆனால் குளிரில் ஒரு கோப்பையோடு யார் நிறுத்துகிறார்கள்? அத்தை சாயங்காலம் மட்டும் மூன்று தடவை தே ஓ குடிப்பார், கெட்டியாக. மதியத்துக்குப் பிறகு இஞ்சி வெந்நீர் என்று மாற்றியதற்கு அவர் என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிர்ச்சரிவில் பூக்கொட்டகைகள். இரவு நீளமானால்தான் செவ்வந்தி மொட்டு விடும். அதனால் தண்டு வளரும் வரை ராத்திரியில் விளக்குப் போட்டுப் பகல் நீள்வதாகச் செடியை நம்ப வைப்பார்கள். அந்த வெளிச்சம் மெல்லிய திரை வழியாக அத்தையின் தலையணை வரை வந்தது. மனித உடம்பும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இரவைக் கணக்கிடுகிறது. திரைக்குப் பின்னால் ஒரு பழைய போர்வையைக் கட்டினோம். கைப்பேசியையும் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன், இதற்கு மட்டும் எதிர்ப்பு வரவில்லை.

பால், பிரிட்டோன், மெலடோனின்

வெதுவெதுப்பான பாலில் தீங்கில்லை. ஜாதிக்காயைச் சிட்டிகைக்கு மேல் அரைத்துப் போடாதீர்கள், அளவு மீறினால் நஞ்சு. அமுக்கரா மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. தைராய்டு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சளிக்கு வாங்கும் பிரிட்டோனைத் தூக்கத்துக்குப் போடுவது மலேசியாவில் சகஜமாகிவிட்டது. அது தருவது மந்தம். வாய் வறளும், சிறுநீர் அடைக்கும், முதியவர்களுக்கு மனக்குழப்பம் வரும். மெலடோனின் நேரம் மாறிப்போன உடல் கடிகாரத்துக்கு உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொன்னது.

மாத்திரையை விடும் விதம்

இதைப் படித்துவிட்டு இன்றே டின்னைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாள்பட எடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரோடு பேசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் வழி. மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

வயதானவர்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கனடா ஆய்வைச் சொல்வேன். 65 வயது தாண்டி, பென்ஸோடயஸெபின் எடுத்துவந்த 303 பேரில் பாதிப் பேருக்கு, மாத்திரையின் ஆபத்தையும் குறைக்கும் அட்டவணையையும் எளிய மொழியில் விளக்கும் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் முழுதாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் 5 சதவீதம்தான். 2014-இல் வெளியானது இது. விளக்கிச் சொன்னால் நம் அத்தைகளும் மாமாக்களும் செய்வார்கள் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். அந்தக் கையேடு தமிழில் தோட்டத்து வீடுகளுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

டாக்டரிடம் என்ன கொண்டு போவது

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். டின்னையே கையோடு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை எந்தக் கிளினிக்கில் தந்ததாக இருந்தாலும் மறைக்காதீர்கள். ராத்திரி எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள் என்று சொல்லுங்கள். 2019 தேசியக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். சர்க்கரை ஏறியிருப்பதால் எழுகிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்து என்ன பயன்? முட்டிவலி, இருமல், தைராய்டு எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். விடிகாலை மூன்று மணிக்கே விழித்து, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் அன்றே பேசுங்கள். பிஃபிரெண்டர்ஸ் உதவி அமைப்பின் 03-7627 2929 எண்ணில் எந்த நேரமும் கேட்க ஆள் இருப்பார்கள்.

இரண்டு வாரத் தூக்கக் குறிப்பும் கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறக்குறைய எப்போது தூங்கினேன், எத்தனை தடவை விழித்தேன், எப்போது எழுந்தேன். அத்தை அதைத் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறார். போன மாதம் போனபோது எடுத்துக் காட்டினார். டாக்டர் அறிவுரைப்படி மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை வெட்டியும் பக்கத்தில் இருந்தது. இப்போது கால் மாத்திரை. ஒரு தாளில் "11.10 படுத்தேன், 2 மணிக்கு முழிப்பு, கீரை ஆய்ந்தேன், 5" என்று இருந்தது. அடுத்த தாளில் "11, 5" என்று மட்டும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.