வலி அறியாத பாதம்

கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகின்ற காட்சியைப் பாடாத கவிஞர் இல்லை. படம் பிடிக்காத பிரயாணியும் இல்லை. கூடையைப் பார்த்தார்கள், கொழுந்தைப் பார்த்தார்கள், விரல்களின் விரைவை வியந்தார்கள். அப்பெண்களின் பாதங்களைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்?

சரிவில் ஏறும்போது உடற்பாரம் பெரிதும் முன்பாதத்தின் மேல் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் அவ்விடம் காய்த்துத் தடிக்கிறது. நோயற்ற உடலுக்கு அக்காய்ப்பு ஒரு கவசம். நீரிழிவு நெடுநாள் குடிகொண்ட உடலிலோ அதுவே பகையாகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, காலை நோக்கி நீண்டு செல்லும் நரம்புகளை முதலிற் கெடுக்கிறது. பாதம் வலியை மறக்கிறது; வியர்வை வற்றித் தோல் வெடிக்கிறது. காய்ப்பின் அடியிலே சதை நசுங்கிப் புண்ணாவதை அவள் அறியாள். அட்டை கடித்த இடம் சீழ் பிடித்தாலும் அறியாள். குளிர்கால இரவில் அடுப்பங்கரையிற் காலை நீட்டிக் காய்ந்தவள், மறுநாள் கொப்புளத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே சுட்டதை உணர்கிறாள். காவற்காரன் உறங்கிவிட்ட வீடு அது.

இந்த உண்மையை வைத்தியருக்குக் கற்பித்தது தொழுநோய் என்பது வியப்பாக இருக்கலாம். 1914 இல் நம் தமிழகத்துக் கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயர் போல் பிராண்ட், 1946 இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அக்காலத்து எண்ணம். அவ்வாறன்று, உணர்ச்சியற்ற காலில் அறியாமற் படுகின்ற காயமும், அக்காயத்தின் மீதே ஓயாது நடப்பதுமே அழிவுக்குக் காரணம் என்று அவர் கண்டார்.

ஆறாத உள்ளங்காற் புண்ணுக்குச் சாந்துக் கட்டுப் போட்டு, நோயாளியை நடமாடவிட்டே ஆற்றும் முறை அதற்கும் முந்தியது. 1930களிலேயே இந்தியாவில் அது தோன்றியது. இங்கே அதனைக் கையாண்டவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்ரோய் போல். இரண்டு 'போல்'களும் ஒரே புண்ணை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார்கள்! 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்ட் சென்றபின், அம்முறை அங்கே வேரூன்றி, நீரிழிவுக்காரரின் கால்களுக்கும் பயன்படலாயிற்று. நம் மண்ணிற் பிறந்த வைத்தியம், கடல் கடந்து பெயர் பெற்று, 'நவீன சிகிச்சை' என்ற பட்டத்தோடு இன்று நம்மிடம் திரும்பி வருகிறது.

அதன் சூத்திரம் எளிது. முழங்காலுக்குக் கீழே தோலோடு பொருந்தி அமையும் அக்கட்டு, முன்பாதத்தின் ஒரு புள்ளியில் விழுந்த பாரத்தை உள்ளங்கால் முழுவதிலும் கெண்டைக்காலிலுமாகப் பரப்பிவிடுகிறது. 2001 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இக்கட்டுப் போட்டவரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு 12 வாரங்களுக்குள் புண் ஆறியது. விரும்பியபோது கழற்றக்கூடிய காலணி அணிந்தவரிலோ 65 விழுக்காட்டினருக்கே ஆறியது. ஏன் இவ்வேறுபாடு? அத்தகைய காலணி பெற்றவர்கள், ஒரு நாளில் நடக்கும் அடிகளில் 28 விழுக்காட்டையே அதனை அணிந்து நடந்தனர் என்று 2003 இல் கண்டறிந்தனர். வலியில்லாதவனுக்குக் காலணி ஒரு தொல்லை, கழற்றி விடுகிறான். ஆயினும் எல்லாக் காலுக்கும் சாந்துக் கட்டு ஆகாது. இரத்த ஓட்டம் குன்றிய காலுக்கு முதலில் நாளத்தைத் திறக்கவேண்டும். சீழ் ஆழ்ந்த காலுக்கு முதலில் அதனை வெளியேற்றவேண்டும்.

இன்னும் புதியனவும் உண்டு. புண்ணின் மேற் கடற்பஞ்சு போன்ற ஒன்றை வைத்து மூடி, கருவியால் நீரை உறிஞ்சி எடுக்கும் முறை. 1997 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சதை வளரத் தூண்டும் களிம்பு. ஆய்வுகூடத்தில் வளர்த்த தோல். இவற்றை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால் விலையுயர்ந்த களிம்பைத் தடவிக்கொண்டு அதே காலால் மறுநாள் மலையேறினால், களிம்பு என்ன செய்யும்?

இங்கேதான் கொத்மலையின் சங்கடம் தொடங்குகிறது. மழையில் நனைந்தாற் சாந்துக் கட்டு இளகிப்போம். இம்மலையிலோ மழை விருந்தாளியன்று, வீட்டுக்காரி. கட்டுப் போட்ட காலோடு சரிவில் நின்று கொழுந்து பறிக்க இயலாது. வாரத்துக்கொரு முறையாவது கட்டைப் பிரித்துப் புதிது போட, நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ பஸ் ஏறவேண்டும். அன்றைய பேர் போயிற்று. மழையின் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு: கழற்றும் காலணியையே அணிவித்து, அதன்மேல் நனைந்தாலும் இளகாத கண்ணாடியிழைப் பட்டியைச் சுற்றிக் கழற்றமுடியாதபடி செய்துவிடுகிறார்கள். ஏறத்தாழச் சாந்துக் கட்டுப் போலவே அதுவும் ஆற்றுகிறது.

பேருக்கு வழி வைத்தியசாலையில் இல்லை. ஆறு வாரமோ எட்டு வாரமோ அவளைப் பிள்ளைக் காம்பராவிலோ, உட்கார்ந்து செய்யும் வேறொரு வேலையிலோ வைத்து, முழுப்பேர் போடத் தோட்டத்துத் துரை இசைய வேண்டும். இசையாவிட்டால், துணியால் இறுகக் கட்டிய காலோடு நாளையும் அவள் பெரட்டுக்கு வந்து நிற்பாள். வலிக்காதபடியால் சிரித்துக்கொண்டே நிற்பாள்.